படத்தில் வெள்ளையாக விட்ட இடம்

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் குடியிருக்கும் என் பெரியப்பா, ஒரு காபி எஸ்டேட்டில் நாற்பது ஆண்டுகள் ரைட்டராக வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஒரு பழக்கத்தை மட்டும் அவர் விடவில்லை. தினமும் காலை ஏழு மணிக்கு முற்றத்தில் நட்டு வைத்திருக்கும் மழைமானியைப் பார்த்து, முந்தைய நாள் பெய்த மழையை இன்ச், சென்ட் கணக்கில் ஒரு நீள நோட்டில் குறித்து வைப்பார். மழை இல்லாத நாளில் ஒரு கோடு கிழிப்பார். மணிமணியான கையெழுத்து அது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, அவருக்கு அறுபத்தாறு வயது நடந்தபோது, ஐப்பசி மாதத்துப் பக்கங்களில் அந்தக் கையெழுத்து நடுவே நடுவே கிழித்துக்கொண்டு ஓடத் தொடங்கியிருந்தது. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

எங்கள் கண்ணில் பட்டது கைதான். காபி டம்ளரை வாயருகே கொண்டு போகும்போது வலது கை திடீரென்று வெட்டி இழுக்கும். அதே கணத்தில் வலப்பக்கக் கன்னமும் கோணும். ஒன்றிரண்டு நொடியில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். நினைவு தப்பாது, கீழே விழவும் மாட்டார். சட்டையில் காபி சிந்தியதற்கு வெட்கப்பட்டுத் துண்டால் துடைத்துக்கொள்வார். ஒரு நாளில் எத்தனை முறை என்று பெரியம்மா எண்ணிப் பார்த்தபோது ஐம்பதைத் தாண்டியது. சில வாரங்களில் வேறு குழப்பங்களும் சேர்ந்தன. சாப்பிட்டுக் கை கழுவிய அரை மணியில் மறுபடியும் இலை போடச் சொன்னார். நள்ளிரவில் எழுந்து மிளகுக் கொடிகளைப் பார்த்துவிட்டு வருவதாகக் கிளம்பினார். வீட்டில் இல்லாத ஆட்களுக்குச் சம்பளக் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தார்.

மலையில் ஒருவர் காற்றுச் சேட்டை என்று சொன்னதால், சேர்வராயன் கோயிலுக்குப் போய்த் திருநீறு வாங்கி வந்து பூசினார்கள். சேலத்தில் முதலில் பார்த்த மருத்துவர், இரத்தத்தில் சோடியம் 124 என்ற அளவுக்கு இறங்கியிருப்பதைக் கண்டு, இரத்த அழுத்த மாத்திரையின் வேலை இது என்று மாத்திரையை மாற்றினார். அடுத்தவர் முதுமை மறதி என்றார். வலிப்பு மாத்திரை கொடுத்துப் பார்த்தும் கைவெட்டு குறையவில்லை. தை பிறந்த பிறகு ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனோம். பெரியப்பாவின் பேரன் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த காணொளியில் கையும் முகமும் ஒன்றாக வெட்டுவதை அவர் மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, பழைய சீட்டுகளில் இருந்த சோடியம் அளவைத் தேடினார். முதுகுத் தண்டு நீரும் இரத்தமும் வெளியூர் ஆய்வகம் ஒன்றுக்குச் சென்றன. எல்.ஜி.ஐ.1 என்னும் புரதத்துக்கு எதிராகப் பெரியப்பாவின் உடலே எதிர்ப்பொருள் உண்டாக்கி வைத்திருக்கிறது என்று முடிவு வந்தது. அந்தப் பெயரின் விரிவில் கிளையோமா என்ற சொல் வருகிறது. அது மூளைப் புற்றுக்கு வழங்கும் சொல் என்பதை இணையத்தில் பார்த்துவிட்ட என் தம்பி அன்றிரவு முழுக்கத் தூங்கவில்லை.

நான் சேலத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக விலங்கியல் நடத்துகிறேன். நரம்பு மண்டலப் பாடத்தில் கரும்பலகையில் நியூரான் படம் வரைவது எனக்குக் கைவந்த வேலை. செல் உடலம், கிளைத்துப் பரவும் டெண்ட்ரைட்டுகள், நீண்ட ஆக்சான், அதன் முனையில் அடுத்த நியூரானை நோக்கிய சினாப்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் கோடு இழுத்துப் பெயர் எழுதிவிடுவேன். இரண்டு நியூரான்களுக்கு நடுவே இருக்கும் இடத்தை ஒருநாளும் எதுவும் எழுதாமல்தான் விட்டிருக்கிறேன். பாடநூலிலும் அது வெள்ளைத் தாளாகவே இருக்கிறது. பெரியப்பாவைச் சாய்த்த எதிர்ப்பொருள் வேலை செய்த இடம் அந்த வெள்ளைத் தாள்தான் என்று தெரிந்தபோது, இத்தனை ஆண்டுகள் நடத்திய பாடத்தை மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று. அந்தப் படிப்பின் விளைவே இந்தப் பதிவு.

வளர்ந்த மூளையின் கன அளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு செல்களுக்கு வெளியே இருக்கிறது. அங்கே இருப்பதை வெறும் உப்புநீர் என்று நினைத்துவிடக் கூடாது. இணைப்புத் திசுவில் நாம் தளப்பொருள் என்று படிக்கும் மேட்ரிக்ஸின் ஒரு தனி வகை அங்கே நிரம்பியிருக்கிறது. எலும்பிலும் தோலிலும் தசைநாணிலும் இருக்கும் மேட்ரிக்ஸ் கொலாஜன் நாரால் கயிறு திரித்தது போல உறுதியாக இருக்கும். மூளைச் செல்களுக்கு நடுவே அந்த நார் மிகக் குறைவு. அதற்குப் பதிலாக ஹயலூரோனன் என்னும் மிக நீளமான சர்க்கரைச் சங்கிலி அங்கே முதுகெலும்பு போல ஓடுகிறது. மாட்டுக் கண்ணின் உள்ளே இருக்கும் கூழ்போன்ற பொருளிலிருந்து 1934இல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் பிரித்தெடுத்த அதே பொருள்தான் அது. அதன்மேல் அக்ரிகன், பிரெவிகன், நியூரோகன், வெர்சிகன் என்ற நான்கு உறவுப் புரதங்கள் பற்றிக்கொள்கின்றன. அவற்றின் உடலிலிருந்து காண்ட்ராய்ட்டின் சல்பேட் என்ற சர்க்கரைச் சரங்கள் பாட்டில் கழுவும் பிரஷின் மயிர்போல நாலாபுறமும் தொங்குகின்றன. பற்றிய இடம் நழுவாமல் இருக்க இணைப்புப் புரதம் ஒன்று பூட்டுப் போடுகிறது. டெனாசின்-ஆர் என்ற புரதம் ஒரு சரத்தை இன்னொன்றோடு முடிச்சிடுகிறது. இவற்றையெல்லாம் நியூரான்களும் அவற்றைச் சுற்றியிருக்கும் கிளியா செல்களுமே சுரந்து வெளியே விடுகின்றன.

அம்மாவைப் பெற்ற வீடு அம்மாப்பேட்டையில் தறிக்காரர் தெருவில் இருந்தது. வெயில் ஏறும் முன், பாவு நீட்டும் திடலான பாவடியில், தறியில் நீளவாக்கில் ஓடும் நூலாகிய பாவை நீட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கஞ்சி தேய்த்து, இழை இழையாகப் பிரித்து உலர விடுவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். கஞ்சி ஏறாத பாவைத் தறியில் ஏற்றினால் நூல் மயிர் எழும்பி, ஒன்றோடொன்று சிக்கி, நாடா ஓடும்போது அறும். கஞ்சி மிஞ்சிப் போனாலோ நூல் விறைத்துப் பொடுக்கென்று ஒடியும். விலை பேசும்போது நூலைப் பற்றித்தான் பேச்சே தவிர, கஞ்சியைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். மூளையின் மேட்ரிக்ஸைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு அந்தப் பாவடிதான் நினைவுக்கு வந்தது, ஏனெனில் இங்கும் குறைந்தால் ஒரு நோய், மிகுந்தால் இன்னொரு நோய். உவமை ஓரிடத்தில் உதைக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்: நெய்து முடித்த துணியை அலசினால் கஞ்சி போய்விடும், மூளையில் நெசவு முடிவதே இல்லை.

இந்த இடைப்பொருளை முதலில் கண்டவர்களில் ஒருவர் இத்தாலியின் கமிலோ கோல்ஜி. சில நியூரான்களின் உடலைச் சுற்றி மீன்வலை போர்த்தியது போன்ற ஓர் உறை இருப்பதை 1898இல் அவர் விவரித்தார். ஸ்பெயினின் ரமோன் இ கஹால் அதை ஏற்கவில்லை. திசுவைப் பதப்படுத்திச் சாயம் ஏற்றும்போது ஏதோ உறைந்து உண்டான பிழை என்று கருதினார். இருவருக்கும் 1906இல் மருத்துவ நோபல் பரிசு ஒன்றாகவே பகிர்ந்தளிக்கப்பட்டது. அந்த மேடையிலும் அவர்கள் ஒத்துப்போகவில்லை. மூளை முழுவதும் இடைவெளியில்லாத ஒரே பின்னல் என்ற கோல்ஜியின் பெரிய வாதம் தோற்றது, தனித்தனிச் செல்கள் என்ற கஹாலின் வாதம் வென்றது, அது சரியான தீர்ப்புதான். ஆனால் வென்றவரின் சொல்லுக்கு இருந்த மதிப்பில், தோற்றவர் கண்ட அந்த வலையும் பல பத்தாண்டுகள் சாயப்பிழைக் கணக்கிலேயே கிடந்தது. பிற்காலத்தில் ஜப்பானிய விஸ்டீரியா என்ற பூங்கொடியின் விதையில் உள்ள ஒரு புரதம் அந்த வலையின் சர்க்கரைகளை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்கிறது என்று தெரிந்த பிறகு, கோல்ஜியின் வலையை யார் வேண்டுமானாலும் நுண்ணோக்கியில் பார்க்க முடிந்தது. பெரிநியூரோனல் நெட் என்று ஆய்வாளர்கள் அழைக்கும் அதை நான் சுற்றுவலை என்று எழுதுகிறேன்.

சுற்றுவலை எல்லா நியூரான்களையும் போர்த்துவதில்லை. பெரும்பாலும் பார்வால்புமின் என்ற புரதத்தைக் கொண்ட, மற்ற செல்களை அடக்கி வைக்கும், மிக வேகமாகத் துடிக்கும் நியூரான்களையே அது தேர்ந்தெடுத்துப் போர்த்துகிறது. பிறக்கும்போது அது இருப்பதில்லை. இளமையில் மெல்ல மெல்லக் கட்டி முடிகிறது. குழந்தைக்கு மாறுகண் இருந்தால் நல்ல கண்ணை மூடி மற்றதற்குப் பயிற்சி கொடுக்கும் மருத்துவர்கள், அதைச் சின்ன வயதிலேயே செய்துவிட வேண்டும் என்று அவசரப்படுத்துவார்கள் அல்லவா? அந்த அவசரத்துக்குப் பின்னால் இருப்பது ஹியூபெலும் வீசலும் பூனைக்குட்டிகளில் கண்டு, 1981இல் நோபல் பரிசு பெற்ற உண்மை: மூளையின் மேலுறையில் பார்வையைக் கவனிக்கும் பகுதியான பார்வைப் புறணி ஒரு குறிப்பிட்ட பருவம் வரைதான் வளைந்து கொடுக்கும், பிறகு கதவைச் சாத்திக்கொள்ளும். அந்தக் கதவின் தாழ்ப்பாளில் ஒரு பகுதி சுற்றுவலை என்பதை 2002இல் இத்தாலிய ஆய்வுக் குழு ஒன்று காட்டியது. புரோட்டியஸ் வல்காரிஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து எடுத்த காண்ட்ராய்ட்டினேஸ் என்னும் நொதி, புரதத்தை விட்டுவிட்டு அதில் தொங்கும் சர்க்கரைச் சரங்களை மட்டும் வெட்டும். அதை வளர்ந்த எலிகளின் பார்வைப் புறணியில் செலுத்தியபோது, மூடிப்போன பருவம் மறுபடியும் திறந்தது; ஒரு கண்ணை மூடினால் குட்டி எலிக்கு நடக்கும் மாற்றம் வளர்ந்த எலிக்கும் நடந்தது. அதே ஆண்டில் வேறொரு குழு, தண்டுவடம் காயப்பட்ட எலிகளுக்கு இதே நொதியைக் கொடுத்து, அவற்றின் நடை ஓரளவு மீள்வதைக் கண்டது. காயம் பட்ட இடத்தில் கிளியா செல்கள் இந்தப் புரதங்களை மிகையாகக் கொட்டித் தழும்பு கட்டிவிடுவதால் நரம்பிழைகள் அதைத் தாண்டி வளர முடிவதில்லை. மனிதரிடத்தில் இது இன்னும் வழக்கமான மருத்துவமாகவில்லை என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும்.

ஒளிரும் பச்சைப் புரதத்துக்காக 2008இல் வேதியியல் நோபல் பெற்றவர்களில் ஒருவரான ரோஜர் சியென், 2013இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைவிடத் துணிச்சலான கருத்தொன்றை வைத்தார். நியூரானின் உள்ளே இருக்கும் புரதங்களில் பெரும்பாலானவை நாள் கணக்கில் சிதைந்து புதுப்பிக்கப்படுகின்றன. அப்படியானால் அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய நினைவு எதில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்பது அவர் கேள்வி. எளிதில் சிதையாத சுற்றுவலையில், சினாப்ஸ் நுழையும் துளைகளின் அமைப்பே அந்த எழுத்தாக இருக்கலாம் என்றார் அவர். இது இன்றளவும் ஒரு கருதுகோளே. நான் அதை நம்புகிறேனா என்று கேட்டால், முழுவதும் இல்லை. ஆனால் பெரியப்பா 1970களின் மழைக் கணக்கை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே, அன்று காலை இட்லி தின்றதை மறந்து உட்கார்ந்திருந்த நாள்களில், இந்தக் கருத்து என்னை விட்டுப் போகவில்லை.

சுற்றுவலை கெட்டால் வலிப்பு எப்படி வருகிறது என்பதற்கு ஒரு தெளிவான விடை கிடைத்திருக்கிறது, எனக்குப் பிடித்த விடையும் அதுவே. இயற்பியல் வகுப்பில் மின்தேக்கி படித்திருப்போம். ஒவ்வொரு செல்லின் சவ்வும் ஒரு மின்தேக்கிதான். அதன் தேக்குதிறன் கூடினால், அதை நிரப்பி மின்துடிப்பை உண்டாக்க அதிக நேரம் பிடிக்கும். வேகமாகத் துடிக்க வேண்டிய அடக்கும் நியூரானைச் சுற்றிச் சுற்றுவலை போர்த்தியிருப்பதால் அதன் தேக்குதிறன் குறைந்து, துடிப்பு விரைவாகிறது. மூளையில் கிளையோமாக் கட்டி வளரும்போது, அது தன்னைப் பரப்பிக்கொள்ள வழி செய்யும் புரதம் தின்னும் நொதிகளைச் சுரக்கிறது. அவை அக்கம்பக்கத்துச் சுற்றுவலைகளையும் அரித்துவிடுகின்றன. உறை இழந்த அடக்கும் நியூரான் மந்தமாகிறது, அடங்கியிருந்த செல்கள் கட்டுமீறுகின்றன, வலிப்பு வருகிறது. 2018இல் எலிகளில் இதை அளந்து காட்டினார்கள். கட்டி இருப்பவருக்கு வலிப்பு வருவதைக் கட்டி அழுத்துவதால் என்று மட்டுமே நான் வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன்.

இனி எல்.ஜி.ஐ.1. இதன் பெயரே ஒரு விபத்து. மூளைப் புற்றுச் செல் ஒன்றில் பத்தாவது குரோமோசோம் முறிந்த இடத்தில் இந்த ஜீன் சிதைந்து கிடந்ததை 1998இல் கண்டவர்கள், இது புற்றைத் தடுக்கும் ஜீனாக இருக்கும் என்று கருதி அந்தப் பெயரை வைத்தார்கள். பெயர் நின்றுவிட்டது, கருத்து நிற்கவில்லை. சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வரும் ஒரு வலிப்புக்கு இந்த ஜீனின் பிழையே காரணம் என்று 2002இல் தெரிந்தது. அந்த வலிப்பு காதில் தொடங்கும்: ரீங்காரம் கேட்கும், பேச்சு புரியாமல் போகும், சிலருக்குத் தொலைபேசி மணி அடித்தாலே வலிப்பு வந்துவிடும். நியூரானிலிருந்து வெளியே சுரக்கப்படும் இந்தப் புரதம், சினாப்ஸின் இடைவெளியில் நின்று, ஒரு கையால் இந்தக் கரையில் இருக்கும் ஆடம்-23 என்ற புரதத்தையும் மறு கையால் எதிர்க்கரையில் இருக்கும் ஆடம்-22 என்ற புரதத்தையும் பிடித்துக்கொண்டு, செய்தி சரியான அளவில் போகும்படி பார்த்துக்கொள்கிறது. கறாரான வகைப்பாட்டில் இதை மேட்ரிக்ஸ் புரதம் என்று சேர்க்கலாமா என்று ஒருவர் வாதாடலாம். வெளியே சுரக்கப்பட்டு வெளியிலேயே நின்று இரண்டு செல்களைக் கட்டிப்போடும் ஒன்றை வேறெங்கே வைப்பது என்பது என் பக்கம்.

பெரியப்பாவின் நோய் ஏற்கெனவே வேறு பெயரில் அறியப்பட்டதுதான். பொட்டாசியம் வழித்தடத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் என்று மருத்துவர்கள் கருதியிருந்த நோயின் பெரும்பகுதியில் உண்மையான இலக்கு எல்.ஜி.ஐ.1 என்பதை 2010இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. கையும் முகமும் ஒருசேர, ஒரு நாளில் பல பத்து முறை, ஒவ்வொன்றும் மூன்று நொடிக்குள் வெட்டுவது இந்நோயின் கையொப்பம் போன்றது. மறதி முழுமையாக வருவதற்கு முன்பே பலரிடம் அது தோன்றிவிடுகிறது. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் குறைகிறது. பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு, பெண்களைவிட ஆண்களுக்கு அதிகமாக வருகிறது. தொடக்கத்தில் எம்.ஆர்.ஐ. படம் எதுவும் காட்டாமல் போகலாம். வலிப்பு மாத்திரைகள் அந்தக் கைவெட்டை அவ்வளவாகக் கட்டுப்படுத்துவதில்லை, ஸ்டீராய்டு கட்டுப்படுத்துகிறது. வீட்டில் முதியவர் ஒருவருக்குக் கையும் கன்னமும் சேர்ந்து இப்படி வெட்டினால், அதைக் கைப்பேசியில் பதிவு செய்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள் என்பதற்காகவே இந்தப் பத்தியை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

படித்ததில் எனக்கு மிகுந்த ஆறுதல் தந்தது நோய் நடக்கும் இடம்தான். எதிர்ப்பொருள் பெரிய மூலக்கூறு. உயிருள்ள செல்லின் உள்ளே அதனால் எளிதில் நுழைய முடியாது. ஹூ என்ற எதிர்ப்பொருள் காணப்படும், புற்றோடு சேர்ந்து வரும் மூளை அழற்சியில் இலக்காக இருக்கும் புரதம் நியூரானின் உள்ளே இருக்கிறது. அங்கே கொலை செய்வது எதிர்ப்பொருள் அன்று, டி செல்கள் என்ற வெள்ளணுக்கள். அப்படிச் செத்த நியூரான் திரும்பி வராது, மருத்துவமும் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. எல்.ஜி.ஐ.1 வெளியே நிற்கிறது. எதிர்ப்பொருள் அதைப் பிடித்து இரண்டு கரைகளிலிருந்தும் பிரித்து விடுகிறதே தவிர, நியூரானை உடனே கொல்வதில்லை. எதிர்ப்பொருளைக் குறைத்தால் புதிய புரதம் சுரந்து மறுபடியும் கையைக் கோத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. வெள்ளைத் தாளில் நடந்த நோயாக இருந்ததால்தான் பெரியப்பா பிழைத்தார் என்று நான் பெரியம்மாவிடம் சொன்னபோது, சேர்வராயன் காப்பாற்றினார் என்று அவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார். நான் மறுத்துப் பேசவில்லை.

அல்சைமர் நோயிலும் இந்த வெளிப்புரதங்களின் கதை ஒன்று இருக்கிறது, அது ரீலினிலிருந்து தொடங்குகிறது. தள்ளாடித் தள்ளாடி நடக்கும் சுண்டெலி வகை ஒன்றை எடின்பரோவில் ஃபால்கனர் 1951இல் விவரித்தார். அதில் பழுதான ஜீன் எது என்பது 1995இல்தான் தெரிந்தது. கரு வளரும்போது புறணியின் மேலடுக்கில் இருக்கும் சில செல்கள் ரீலின் என்ற பெரிய புரதத்தைச் சுற்றுப்புறத்தில் சுரந்து வைக்க, கீழிருந்து ஏறி வரும் நியூரான்கள் அதைக் கொண்டே தத்தம் அடுக்கில் அமர்கின்றன. அது இல்லாவிட்டால் அடுக்குகள் குழம்பிவிடுகின்றன. மனிதரில் இந்த ஜீனின் இரண்டு பிரதிகளும் கெட்டால் மடிப்புகள் குறைந்த வழுவழுப்பான மூளையும் சிறுத்த சிறுமூளையுமாகக் குழந்தை பிறக்கிறது. வளர்ந்த பிறகும் ரீலினுக்கு வேலை உண்டு. அல்சைமரோடு தொடர்புடைய அபோ-இ என்ற புரதம் பற்றும் அதே ஏற்பிகளை ரீலினும் பற்றி, டௌ என்ற புரதம் கெட்டு முடிச்சிடுவதைத் தடுக்கிறது.

கொலம்பியாவில் அந்தியோக்கியா என்ற மலைநாட்டில், ஒரே மரபுப் பிழையைச் சுமக்கும் பெருங்குடும்பம் ஒன்றை நரம்பியல் மருத்துவர் பிரான்சிஸ்கோ லோபெரா பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து வந்தார். பிழை உள்ளவர்களுக்கு நாற்பத்து நான்கு வயதுவாக்கில் மறதி தொடங்கிவிடும். அவர்களில் ஒரு பெண்ணுக்கு எழுபது வயதைத் தாண்டும்வரை அது தொடங்கவில்லை. அபோ-இயில் இருந்த இன்னொரு அரிய மாற்றம் அவரைக் காத்தது என்று 2019இல் எழுதினார்கள். அந்த மாற்றம் செய்யும் வேலை, அபோ-இ மேட்ரிக்ஸில் உள்ள ஹெப்பாரன் சல்பேட் என்ற சர்க்கரைச் சரங்களில் எளிதில் ஒட்டாதபடி தடுப்பதுதான். பிறகு 2023இல், அறுபத்தேழு வயதுவரை தெளிவோடு இருந்த ஓர் ஆணைப் பற்றி எழுதினார்கள். அவரிடம் இருந்தது ரீலினில் ஒரு மாற்றம். இருவர் மூளையிலும் அல்சைமரில் செல்களுக்கு வெளியே சேரும் அமிலாய்டு என்ற புரதப் படிவு ஏராளமாக இருந்தும், முக்கியமான இடங்களில் டௌ முடிச்சு குறைவாகவே இருந்தது. இரண்டு பேரை வைத்துக்கொண்டு மருந்து செய்துவிட முடியாதுதான்; ஆனாலும் இரண்டு காப்புகளும் செல்லுக்கு வெளியிலிருந்து வந்தவை என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தியோக்கியாவும் காபி விளையும் நாடு என்று சொன்னபோது பெரியப்பா, அங்கே நிழலுக்குச் சில்வர் ஓக் வைப்பார்களா என்று கேட்டார்.

இரத்தக் குழாய்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூளையின் நுண்குழாய்ச் சுவரில் நான்காம் வகைக் கொலாஜனும் லாமினினும் சேர்ந்த அடித்தட்டு ஒன்று இருக்கிறது. அந்தக் கொலாஜனின் ஜீன் பிழைபட்டால் சிலருக்குக் கருவிலேயே மூளையில் இரத்தம் கசிந்து குழி விழுகிறது, சிலருக்கு நடுவயதில் மூளை இரத்தக்கசிவு வருகிறது. இந்தப் பிழையுள்ள சுண்டெலிக் குட்டிகளை இயல்பாகப் பிறக்க விடாமல் அறுவை செய்து எடுத்தபோது பிறப்பு நேரத்து இரத்தக்கசிவு தவிர்ந்தது என்று 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. பக்கவாதத்தின்போது எம்.எம்.பி.-9 என்ற நொதி பெருகி இந்த அடித்தட்டை அரிக்கிறது. காசநோய் மூளையுறை அழற்சியிலும் அந்த நொதி மூளைத்தண்டுவட நீரில் உயர்ந்து காணப்படுகிறது. நம் ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

மனச்சிதைவு பற்றி எழுதும்போது மட்டும் என் பேனா தயங்குகிறது. அந்நோய் இருந்து இறந்தவர்களின் மூளையில், உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலாவிலும் அதை ஒட்டிய புறணிப் பகுதியிலும் சுற்றுவலைகள் குறைந்திருப்பதை எண்ணிக் காட்டியிருக்கிறார்கள். நியூரோகன் ஜீனின் ஒரு வடிவம் இருமுனை மனநோயோடு தொடர்புடையதாக 2011இல் கண்டார்கள். ஆனால் இறந்த மூளையில் காணும் குறைவு நோயின் காரணமா, நோயின் விளைவா, ஆண்டுக்கணக்கில் தின்ற மாத்திரையின் தடமா என்று அந்த எண்ணிக்கை மட்டும் சொல்லிவிடாது. மனநோயாளியைக் குடும்பம் மறைத்து வைக்கும் ஊரில், வலை அறுந்துவிட்டது என்ற ஒரு சொல் எவ்வளவு எளிதாக இன்னொரு முத்திரையாகிவிடும் என்பதை நான் யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

என் பள்ளி ஆசிரியர் குழுவில் சென்ற மாதம் ஒரு விளம்பரம் சுற்றி வந்தது: கொலாஜன் பவுடரைப் பாலில் கலந்து குடித்தால் ஞாபகசக்தி கூடுமாம். குடித்த கொலாஜன் குடலில் அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் அறுபட்டுத்தான் இரத்தத்தில் ஏறும். மூளைச் செல்களின் நடுவே கொலாஜன் மிகக் குறைவு என்று மேலே சொல்லிவிட்டேன். அந்தப் பணத்துக்கு மாம்பழக் காலத்தில் மல்கோவா வாங்கித் தின்னலாம் என்று குழுவில் எழுதினேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள்.

பெரியப்பாவுக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒரு கிராம் வீதம் மெத்தில்பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைச் சிரை வழியாக ஏற்றினார்கள். நான்காம் நாள் காலை பெரியம்மா கொடுத்த காபி சிந்தவில்லை. பிறகு மாத்திரையாகக் கொடுத்து, மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைத்தார்கள். அதற்குள் முகம் ஊதி, சர்க்கரை ஏறி, இரவில் தூக்கம் கெட்டு, அவர் எல்லோர்மீதும் எரிந்து விழுந்தார். இந்நோய் திரும்பி வரக்கூடியது என்பதால் இன்றும் சோதனைக்குக் கூட்டிப் போகிறோம். கணக்கு வருகிறது, பேரப்பிள்ளைகளின் பெயர் வருகிறது, கொடியில் மிளகு எத்தனை கிலோ தேறும் என்று கண்ணால் பார்த்தே சொல்கிறார். அந்த ஐப்பசி முதல் தை வரை நடந்தது மட்டும் அவரிடம் இல்லை. நினைவைப் பதியும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ் வீங்கியிருந்த நாள்களில் பதிவாகாத ஒன்றை எந்த ஊசியும் கொண்டுவராது.

சென்ற மாதம் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி அவரைப் பார்க்கப் போயிருந்தேன். மழை நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். கார்த்திகைப் பக்கத்தில் ஒரு வாரம் கிறுக்கலாகவும், அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லாமலும் இருந்தது. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை மலையில் நன்றாகவே பெய்தது. பக்கத்து எஸ்டேட்டில் கணக்கு இருக்குமே, அதைப் பார்த்து நான் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாம் கண்ணு, அது அவங்க மானியில விழுந்த மழை” என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முந்தின இரவு பெய்ததை அளக்க முற்றத்துக்கு இறங்கிப் போனார்.